ஐஸ் தொட்டியில் இறங்கும் முன்

கால் பயிற்சி செய்த மறுநாள் தொடை பிடித்துக்கொண்டு படி இறங்க முடியாமல் போவது ஜிம்முக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வலி. அதற்கென்று ஐஸ் பாத், வெந்நீரிலும் ஐஸ் நீரிலும் மாறி மாறி இறங்குவது என நகரத்து ஜிம்கள் பலவற்றில் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள்.

பலன் உண்டு, ஆனால் ஓரளவுதான். ஐஸ் நீரில் இறங்கினால் அடுத்த சில நாள் தசை வலி குறைவதாக 2012-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. வாரக் கடைசியில் அடுத்தடுத்து மேட்ச் ஆடுபவருக்கு இது உதவும். தசையை வளர்க்க நினைப்பவருக்கோ இது நஷ்டம். எடைப் பயிற்சி முடித்ததும் ஐஸ் நீரில் இறங்கியவர்களுக்கு, லேசாக சைக்கிள் மிதித்தவர்களைவிட 12 வாரத்தில் தசையும் பலமும் குறைவாகவே கூடியதாக 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆபத்து முதல் ஓரிரு நிமிடத்தில்தான் அதிகம். குளிர் பட்டதும் நம்மை அறியாமல் மூச்சை இழுப்போம், நாடி எகிறும், ரத்த அழுத்தம் ஏறும். அந்த நொடி முகம் நீருக்குள் இருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். அதனால் குதிக்கக் கூடாது, தலையை முக்கக் கூடாது, தனியாக இறங்கவே கூடாது. இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் எந்தத் தொட்டியிலும் இறங்க வேண்டாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு வெந்நீர் சுடுவதே தெரியாது. வெந்நீரிலிருந்து சட்டென்று எழுந்தால் யாருக்கும் தலை சுற்றலாம்.

வழக்கமாகச் சொல்லப்படும் அளவு 10 முதல் 15 டிகிரி செல்சியஸ், 10 நிமிடம். 30 டிகிரியில் இருக்கும் 200 லிட்டர் குழாய்த் தண்ணீரை 15 டிகிரிக்கு இறக்கவே ஏறக்குறைய 30 கிலோ ஐஸ் வேண்டும். நான்கு பாக்கெட் போட்டால் வெறும் குளியல், கண்ணை மூடிக்கொண்டு கொட்டினால் ஆபத்து. கையை விட்டுப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. தெர்மாமீட்டரைக் காட்டச் சொல்லுங்கள், பக்கத்தில் யார் நிற்பார் என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் இறங்காதீர்கள்.

நெஞ்சு வலி, மயக்கம் என்றால் 108. கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். ஐஸை விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காசு கொடுத்துப் பெறுவதால் ஜிம்மின் ஐஸ் பாத் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் சேவை. மேற்பார்வை இல்லாமல் இறக்கிவிட்டுப் பாதிப்பு வந்தால், சேவைக் குறைபாடு என்று வழக்குப் போடலாம். ‘எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல’ என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். அந்தக் கையெழுத்து மட்டும் நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைத்துவிடாது. பில், படிவத்தின் நகல், தொட்டியின் போட்டோ, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் 1915-க்குப் போன் செய்யலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணமும் கிடையாது. ஐஸ் பாத் சர்க்கரையைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்தால் மாவட்ட ஆட்சியரிடமே புகார் கொடுக்கலாம்.