கேப்டன் ஏன் பதில் சொல்லவில்லை?

மகாபாரதத்தைப் போலவே அமெரிக்கச் சித்திரக்கதைகளிலும் கிளைக்கதைகள் உண்டு. ஆனால் அங்கே ஒவ்வொரு கிளைக்கும் தனி விலை! மார்வெல் நிறுவனம் 2006 மே மாதம் தொடங்கிய ‘சிவில் வார்’ ஏழே இதழ்கள்தான். அதில் முகமூடியைக் கழற்றிய ஸ்பைடர்மேனின் குடும்பம் என்ன ஆயிற்று என்று அறிய ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ இதழையும் வாங்க வேண்டும். மூலக்கதை தாமதமானபோது கிளைகளும் தாமதமாயின. ரசிகர்கள் முணுமுணுத்தார்கள்.

பெருங்கோபம் பிறகுதான் வந்தது. ஒரு பள்ளி அருகே நடந்த மோதலில் 600க்கும் மேற்பட்டோர் இறக்க, அதிசய சக்தி உடையோர் அரசிடம் பதிந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் வருகிறது. அயர்ன்மேன் ஆதரிக்கிறார், கேப்டன் அமெரிக்கா எதிர்க்கிறார். 15 வயதில் அடையாள அட்டைக்குப் பதியும் சிங்கப்பூரர்களான எங்களுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. தேக்காவில் தேநீரோடு நடந்த வாதங்களில் அயர்ன்மேனுக்கே ஆள் அதிகம்.

எங்களையும் கட்சி மாற வைத்தது ‘ஃப்ரன்ட் லைன்’ என்னும் கிளைத்தொடர். பால் ஜென்கின்ஸ் எழுதிய அதன் கடைசி இதழில் (2007), கைதியாக இருக்கும் கேப்டனிடம் ஒரு பெண் நிருபர், மைஸ்பேஸ் பக்கம் போனதுண்டா, நாஸ்கார் கார்ப் பந்தயம் பார்த்ததுண்டா என்று பொரிந்து தள்ளுகிறார். இவை தெரியாதவருக்கு அமெரிக்காவே தெரியாதாம்! கேப்டன் வாயடைத்து நிற்கிறார். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள்; இன்றும் அந்தப் பக்கங்களைக் கேலி செய்கிறார்கள்.

எனக்கு உறுத்தியது அதற்கடுத்த காட்சி. அயர்ன்மேனின் சதியைக் கண்டுபிடித்த அதே நிருபரும் அவருடைய சக நிருபரும், நாட்டு நலன் கருதி அதை அச்சிடாமல் விடுகிறார்கள். கதையோ அதை நியாயம் என்கிறது. பதிவை ஆதரித்தவன்தான் நான். ஆனால் பதிவேட்டை வைத்திருப்பவரைக் கேள்வி கேட்க ஆள் வேண்டாமா?

2016இல் வந்த திரைப்படத்தில் அந்த நிருபர் இல்லை.