8000ஆம் எண் கதவு பூட்டியிருக்கிறதா?

தேனி மாவட்டப் பொட்டிபுரத்திலிருந்து மேற்கே பார்த்தால் மலை. மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டங்கள். ஏலக்காய் விலைபோவது புற்றடியிலும் போடியிலும். நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலத்தில் 2021 முதல் இரண்டு மையங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் விலை கேட்கலாம். இனி சிறு வியாபாரியோ விவசாயிகள் குழுவோ சொந்தமாக இணையதளம் வைத்தால், அதில் உங்கள் பெயர், காய் எடை, வங்கிக் கணக்கு எண் எல்லாம் சேரும். அவற்றை எப்படிப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

ஏல அறையில் வியாபாரி உங்கள் ஸ்டோருக்குள் நுழைவதில்லை. நடுவில் ஏலம் நடத்துபவர் நிற்கிறார். இணையதளத்திலும் அப்படித்தான். எஞ்ஜின்எக்ஸ் அல்லது அப்பாச்சி என்ற வாசல் சர்வர் முன்னால் நின்று, சான்றிதழோடு 443ஆம் எண் கதவில் (போர்ட்டில்) ஆளை வரவேற்று, கோரிக்கையைப் பின்னால் இருக்கும் செயலிக்கு அனுப்பும். செயலி பெரும்பாலும் 8000, 3000 போன்ற எண்ணில் ஓடும். அது 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டும் காது கொடுக்க வேண்டும். 0.0.0.0 என்று எழுதிவிட்டால் ஊருக்கே திறந்த கதவு. வாசலில் வைத்த கடவுச்சொல், குறியாக்கம் எதுவும் அந்த வழியில் வருபவரைத் தடுக்காது. செயலியை டாக்கர் மென்பொருளில் ஓட்டி அதன் போர்ட்டை வெளியிட்டால் உபுண்டுவின் யுஎஃப்டபிள்யூ தடுப்பையும் அது தாண்டிவிடும். தேர்ந்தவர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள்.

தளம் உங்களுடையதானால், மொபைல் டேட்டாவில் சர்வர் முகவரியோடு ':8000' சேர்த்துத் தட்டிப் பாருங்கள். பக்கம் திறந்தால் அன்றைக்கே மூடுங்கள். அடுத்தவர் தளத்தில் இதைச் செய்யாதீர்கள். அனுமதியின்றி உள்ளே போவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தை மீறுவது. உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இன்னொரு ஓட்டை, யார் வந்தார் என்று எழுதும் சர்வர் பதிவேட்டில் இருக்கிறது. பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. ஆனால் வந்தவரின் உண்மையான முகவரியை வாசல் சர்வர் உள்ளே சொல்லி அனுப்பாவிட்டால், செயலியின் பதிவேட்டில் எல்லா வரியிலும் 127.0.0.1 என்றே இருக்கும். யார் என்ன செய்தார் என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது. உண்மையான முகவரியை உள்ளே சொல்வதற்காகத்தான் 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்' தலைப்பு. அதையும் யார் வேண்டுமானாலும் பொய்யாக எழுதி அனுப்பலாம். தன் வாசல் சர்வர் தருவதை மட்டுமே செயலி நம்ப வேண்டும்.

தரவு கசிந்து பணம் போனால் முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் பணம் கைமாறும் நேரம். வங்கி விவரத்தை ஒரு நிறுவனம் அலட்சியமாகக் காத்ததால் நட்டம் என்றால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவின் கீழ் இழப்பீடு கேட்கலாம். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் விசாரிப்பார். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. அதன் முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு அமலாகும். அதுவரை 43ஏதான் கைகொடுக்கும். திரைப்பிடிப்புகள் (ஸ்கிரீன்ஷாட்), வங்கிக் குறுஞ்செய்திகள், நீங்கள் எழுதிய கடிதத்தின் நகல் எதையும் அழிக்காமல் தேதியோடு எடுத்து வையுங்கள்.