ஆயா தலைக்குள்ள இருக்கிற டேட்டா: வில்லியனூர், பாகூர் வீடுகள்ல நாம கேக்க மறந்த கதைகள்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கலாம்.

1954 அக்டோபர் 18. வில்லியனூர் கொம்யூன்ல இருக்கிற கீழூர் கிராமம். பிரெஞ்சு ஆட்சியிலயே இருக்கிறதா, இந்தியாவோட இணையறதான்னு அங்கதான் ஓட்டெடுப்பு நடந்தது. மக்கள் நேரா ஓட்டுப் போடல. அவங்க தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் 178 பேர் போட்டாங்க. இணைப்புக்கு ஆதரவா 170, எதிரா 8. இரண்டு வாரத்துல, நவம்பர் 1 அன்னைக்கு, நிர்வாகம் இந்தியா கைக்கு வந்துடுச்சு.

இப்போ கணக்கு. அன்னைக்குப் பத்து வயசுப் பையனா, பொண்ணா இருந்தவங்களுக்கு இன்னைக்கு எண்பது தாண்டியாச்சு. 178, 170, 8 எல்லாம் புத்தகத்துல பத்திரமா இருக்கு. கீழூர்ல நினைவிடமே இருக்கு, ஆகஸ்ட் 16-ல கொடி ஏத்துறாங்க. ஆனா அந்த ராத்திரி பக்கத்து ஊர் வீடுகள்ல என்ன பேசிக்கிட்டாங்க? யார் சந்தோஷப்பட்டாங்க, யார் பயந்தாங்க? அது அந்தப் பத்து வயசுக் குழந்தைங்க தலைக்குள்ள மட்டும்தான் இருக்கு. நம்ம பாஷையில சொன்னா, ஒரே ஒரு காப்பி, பேக்கப் கிடையாது.

அதனால இந்த எபிசோட்: தாத்தா, ஆயாகிட்ட இருந்து குடும்பக் கதையை எப்படி வாங்குறது, ஏன் வாங்கணும். (சென்னை நண்பர்களுக்கு ஒரு குறிப்பு: எங்க பக்கம் ஆயான்னா பாட்டி. குழந்தையைப் பாத்துக்க வர்றவங்க இல்ல!)

தெரிஞ்சா என்ன லாபம்?

"பழசைக் கிளறி என்ன ஆகப் போகுது?"ன்னு கேக்கறவங்களுக்காக ஒரு ஆராய்ச்சி. அமெரிக்காவுல எமரி பல்கலைக்கழகத்துல மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ்னு இரண்டு உளவியலாளர்கள், 2001-ல குழந்தைங்ககிட்ட இருபது கேள்வி கேட்டாங்க. "உன் தாத்தா பாட்டி எங்க வளர்ந்தாங்கன்னு தெரியுமா?", "உங்க அப்பா அம்மா எங்க சந்திச்சாங்கன்னு தெரியுமா?" இந்த மாதிரி, குழந்தை தானா பாத்துத் தெரிஞ்சிருக்க முடியாத விஷயங்கள். யாராவது சொல்லியிருந்தாதான் தெரியும்.

நிறைய கேள்விக்கு 'தெரியும்'னு சொன்ன குழந்தைங்களுக்குத் தன்னம்பிக்கை அதிகமா இருந்தது. 'என் வாழ்க்கை என் கையில இருக்கு'ங்கிற உணர்வும் அதிகமா இருந்தது.

இங்க ஒரு இன்ஜினியர் எச்சரிக்கை. இரண்டு விஷயம் சேர்ந்து இருக்குன்னா ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம்னு அர்த்தமில்ல. இருபது பதிலையும் பிரிண்ட் எடுத்து மனப்பாடம் பண்ண வச்சா பிள்ளைக்குத் தன்னம்பிக்கை வந்துடாது. இதை டியூக்கே சொல்றாரு. அந்தக் கதைகளைச் சொல்றதுக்காகப் பெரியவங்களும் சின்னவங்களும் திரும்பத் திரும்ப ஒண்ணா உக்காந்த நேரம் இருக்கே, விஷயம் அங்கதான் இருக்கு.

இன்னொண்ணும் சொல்றாரு. "நாங்க மேல மேல வந்தோம்"னு மட்டும் சொல்ற குடும்பக் கதையும், "எல்லாத்தையும் இழந்தோம்"னு மட்டும் சொல்ற கதையும் அவ்வளவு பலம் தராது. "நல்லா இருந்தோம், விழுந்தோம், திரும்ப எழுந்தோம்"னு ஏத்த இறக்கத்தோட சொல்ற கதைதான் பிள்ளைக்குத் தெம்பு.

ஒரு காகிதம், இரண்டு நாடு

ஏத்த இறக்கத்துக்கு எங்க ஊர்ப் பக்கம் பஞ்சமே இல்ல. ஆட்சி 1954-லயே கைமாறினாலும், சட்டப்படி இணைப்பு முடிஞ்சது 1962 ஆகஸ்ட் 16-ல. ஒப்பந்தப்படி, இங்க பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்னைக்கே இந்தியக் குடிமக்களா மாறிட்டாங்க. வேண்டாம், பிரெஞ்சுக் குடிமகனாவே இருக்கேன்னு நினைச்சவங்க ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும்.

எழுதிக் கொடுத்தவங்க ஒரு நாடு, கொடுக்காதவங்க வேற நாடு. ஒரே வீட்டுல அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். புதுச்சேரியில பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவங்களை 'சொல்தா'ன்னு சொல்வாங்க, பிரெஞ்சு வார்த்தைதான். எங்க ஆயாவோட பெரியண்ணன் இந்தோசீனாவுக்குப் போய் வந்த சொல்தா. அவர் எழுதிக் கொடுத்தாரு. ஆயாவோட அப்பா கொடுக்கல. அவங்க பேரப்பிள்ளைங்க பாரிஸ் புறநகர்ல, நாங்க பாகூர் பக்கம். எனக்கு இது இருபத்தஞ்சு வயசுலதான் தெரிஞ்சது, அதுவும் ஒரு பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தப்போ.

"உங்க அப்பா ஏன் ஆயா எழுதிக் கொடுக்கல?"ன்னு கேட்டேன்.

"என்னாத்துக்குடா இப்ப அது? நெலம் இங்க இருந்துது. ஏரித் தண்ணி வந்துக்கிட்டு இருந்துது. யாரு போவா?"

குடியுரிமைச் சட்டத்தைப் பத்தி நாலு புத்தகம் படிச்சாலும் இந்த வரி கிடைக்காது. ஒரு விவசாயிக்கு தேசம்னா என்னன்னு அதுல இருக்கு. கொஞ்ச நேரம் கழிச்சு ஆயாவே சொன்னாங்க: "அண்ணன் போனப்புறம் அம்மா ரெண்டு வருஷம் சிரிக்கல." இதுவும் வரலாறுதான்.

எப்படிக் கேக்கறது?

'உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க'ன்னு கேட்டா, "என்னத்தப்பா சொல்றது, கஷ்டம்தான்"னு ஒரே வரியில முடிஞ்சிடும். கேள்வி ரொம்பப் பெருசு. சின்னதா உடைக்கணும்.

முதல் வழி, பொருள். ஒரு போட்டோ, ஒரு பித்தளைக் குடம், பெட்டிக்குள்ள இருக்கிற பழைய பத்திரம். கையில கொடுத்துட்டு, "இது யார் வாங்கினது?"ன்னு மட்டும் கேளுங்க.

இரண்டாவது, வார்த்தை. கொம்யூன், சொல்தா, மேரி கட்டிடம்னு எங்க பேச்சுல பிரெஞ்சு இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. அந்த மேரி, மாதா பேர் இல்ல. நகராட்சி அலுவலகத்துக்கான பிரெஞ்சு வார்த்தை. "அந்த வார்த்தையை யார் சொல்லிக் கேட்டீங்க?"ன்னு ஆரம்பிச்சா ஒரு ஆளே வெளிய வருவாரு.

மூணாவது, வழி. "கடலூருக்கு எப்படிப் போவீங்க?" பாகூர்ல இருந்து கடலூர் கிட்டதான். ஆனா 1954 வரைக்கும் அது வேற ஆட்சி, வழியில சுங்கச் சோதனை. இன்னைக்கு நாம பைக்ல கால் மணி நேரத்துல கடக்கிற எல்லை. அங்க எதை மறைச்சு எடுத்துட்டுப் போனாங்கன்னு கேட்டுப் பாருங்க, பல தாத்தாங்க முகம் மலர்ந்துடும்!

தேதி கேட்டு மட்டும் குழப்பாதீங்க. 'எந்த வருஷம்?'னு கேட்டா தடுமாறுவாங்க. அவங்க நினைவுல டைம்ஸ்டாம்ப் எல்லாம் சம்பவங்கள்தான். "எம்ஜிஆர் செத்தப்போ உங்கப்பன் எத்தனாவது படிச்சான்?", "தானே புயலுக்கு முன்னயா, பின்னயா?" முதலாவது 1987 டிசம்பர், இரண்டாவது 2011 டிசம்பர். இரண்டுக்கும் நடுவுல வச்சுப் பாத்தா வருஷம் தானா கிடைக்கும்.

அப்புறம், நினைவுங்கிறது ஹார்ட் டிஸ்க்ல இருந்து அப்படியே எடுக்கற ஃபைல் இல்ல. ஒவ்வொரு தடவையும் மனசு அதைத் திரும்பக் கட்டுது. பிரிட்டிஷ் உளவியலாளர் பார்ட்லெட் 1932-லயே இதை எழுதிட்டாரு. அதனால ஆயா ஒரு மாதிரியும் சின்னத் தாத்தா வேற மாதிரியும் சொன்னா, யார் சரின்னு பஞ்சாயத்து வைக்காதீங்க. இரண்டு வெர்ஷனையும் வச்சுக்கோங்க. எங்க மாறுதோ அங்க பெரும்பாலும் ஒரு கதை இருக்கும்.

அன்றாடம்தான் முதல்ல தொலையும்

பாகூர்ல ஒன்பதாம் நூற்றாண்டுல ஒரு பெரிய கல்விச்சாலை இருந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துல அதுக்கு மூணு ஊர்களைக் கொடையா கொடுத்த செப்பேடு கிடைச்சிருக்கு. கொடை செப்புல நின்னுடுச்சு. அங்க படிச்ச பசங்க காலையில என்ன சாப்பிட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது.

இதுக்கு நேர் எதிர் உதாரணமும் புதுச்சேரியிலதான். ஆனந்தரங்கப் பிள்ளை, பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேவோட துபாஷி. 1736-ல இருந்து 1761 வரைக்கும் டைரி எழுதினாரு. கப்பல் வந்தது, மழை பெஞ்சது, யார் யார்கிட்ட என்ன சொன்னாங்க, எல்லாம். அது அவர் குடும்பத்து வீட்டுல கிடந்து, 1846-லதான் வெளிய தெரிஞ்சது. இன்னைக்கு பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் படிக்கிற யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. பிரபஞ்சன் நாவல்களுக்கும் அதுதான் அடிப்படை.

அதனால 'முக்கியமான விஷயம்' மட்டும் கேக்காதீங்க. பாகூர் ஏரி ரொம்பிக் கலங்கல் போன நாள் என்ன பண்ணுவீங்க? வில்லியனூர் தேருக்கு யார் கூடப் போனீங்க, என்ன வாங்கித் தின்னீங்க? தீபாவளி இல்லாத சாதாரண நாள்ல ராத்திரிச் சாப்பாடு என்ன?

இது ஒருவழிப் பாதையும் இல்ல. நீங்களும் சொல்லுங்க. ஆபீஸ் கேன்டீன் போட்டோ, மெட்ரோ கூட்டம், ரூம்மேட் வச்ச ரசம். நான் தினம் ராத்திரி ஒரு நிமிஷ வாய்ஸ் நோட் அனுப்புறேன். பதிலுக்கு ஆயா நாலு நிமிஷம் அனுப்புவாங்க. என் ரசம் கதையைக் கேட்டுட்டுதான் அவங்க மாமியார் அடுப்படியைப் பத்தி முதல் தடவையா பேசினாங்க.

நாமளும் சாட்சிகள்தான். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல மழை. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணையில வந்து பாகூர் பக்கத்து ஊர்களுக்குள்ள புகுந்தது. ஐம்பது வருஷம் கழிச்சு யாராவது உங்ககிட்ட கேப்பாங்க. இப்பவே ரெண்டு நிமிஷம் பேசி வச்சுடுங்க.

சொல்ல மாட்டேன்னா?

எல்லாக் கதையும் இனிப்பா இருக்காது. சாதி, கடன், பங்காளிச் சண்டை, இறந்து போன குழந்தை. அமைதியாயிட்டாங்கன்னா தோண்டாதீங்க. "இன்னொரு நாள் பேசலாம் ஆயா"ன்னு தண்ணி எடுத்துக் கொடுங்க. ரெக்கார்ட் பண்றதை முன்னாடியே சொல்லுங்க. ஒளிச்சு வச்ச போன் வேண்டாம். "இது குடும்பத்துக்கு மட்டும்"னு அவங்க சொன்னா அது ஸ்டேட்டஸ்லயும் வராது, ரீல்ஸ்லயும் வராது, பாட்காஸ்ட்லயும் வராது. இன்னைக்கு நான் சொன்னது எல்லாம் ஆயா "சொல்லிக்கோ"ன்னு சொன்னது மட்டும்தான்.

பத்திரப்படுத்தறது

கடைசியா டெக்னிக்கல். ஃபேனை நிறுத்துங்க, போனை ஏரோபிளேன் மோடுல போட்டு ஒரு முழம் தூரத்துல துணி மேல வைங்க. இருபது நிமிஷம் போதும், களைப்பாயிடுவாங்க. முதல்ல தேதி, ஊர், யார் பேசறாங்கன்னு நீங்களே சொல்லிடுங்க. ஃபைல் பேர்லயும் அதே மூணும் இருக்கட்டும். வாட்ஸ்அப்பை மட்டும் நம்பாதீங்க, போன் மாத்தும்போது போயிடலாம். மூணு காப்பி, இரண்டு வேற வேற இடத்துல, அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளிய: கிளவுட்லயோ, சொந்தக்காரர் வீட்டு ஹார்ட் டிஸ்க்லயோ. எங்க ஃபைல்களோட ஒரு காப்பி இப்ப பாரிஸ்ல இருக்கு. பெரியண்ணன் பேத்திதான் வச்சிருக்கா. தமிழ் சரியா வராது, ஆனா ஆயா குரலைக் கேட்டுக் கேட்டு "யாரு போவா?"ங்கிறதை மட்டும் அச்சு அசலா சொல்றா.

இந்த வாரம் ஒரு வேலை. பெரிய பேட்டி எல்லாம் வேண்டாம். வீட்டுல பெரியவங்களுக்குப் போன் பண்ணி ஒரே ஒரு கேள்வி: "சின்ன வயசுல உங்க வீட்டுல தண்ணி எங்க இருந்து எடுத்தீங்க?" கேட்டுட்டு நீங்க பேசாம இருங்க. என்ன பதில் வந்ததுன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அவங்க சம்மதிச்சா மட்டும். அடுத்த எபிசோட்ல பாக்கலாம்!