கொல்கத்தா கைதட்டுவதற்கு முன்னால்

2025 நவம்பரில் ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் கிரிக்கெட் வீராங்கனை ரிச்சா கோஷுக்குப் பாராட்டு விழா நடந்தது. மகளிர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அவர் அடித்தது 34 ரன். ஒரு ரன்னுக்கு ஒரு லட்சம் வீதம் 34 லட்சம் ரூபாயும், தங்க முலாம் பூசிய மட்டையும் பந்தும் கொடுத்துக் கௌரவித்தது வங்காள கிரிக்கெட் சங்கம். விழா எடுத்தது கொல்கத்தா. ரிச்சாவின் ஊரோ இமயமலை அடிவாரத்தில் இருக்கும் சிலிகுரி, கொல்கத்தாவிலிருந்து ரயிலில் ஓர் இரவுப் பயணம்.

மேற்கு வங்கத்துக்கு அண்மைக் காலத்தில் பேர் வாங்கித் தந்த இளைஞர்கள் பலரும் இப்படி மாவட்டங்களிலிருந்து வந்தவர்களே. மேடையில் மாலை விழுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர்களை அடையாளம் கண்டு வளர்த்த ஊர்களும் வீடுகளும் அதிகம் பேசப்படுவதில்லை. அவற்றையும் சேர்த்துக் கொண்டாடினால்தான் கொண்டாட்டம் முழுமை பெறும்.

ஹௌரா மாவட்டத்தில் உள்ள தேவுல்பூரை எடுத்துக்கொள்வோம். பளு தூக்கும் வீரர் அசிந்தா ஷியுலியின் ஊர் அது. 2013இல் அப்பா இறந்துபோனார். குடும்பத்துக்குக் கைகொடுத்தது சேலைகளில் ஜரிகை எம்பிராய்டரி போடும் வேலை. அண்ணன் ஆலோக்கும் பளு தூக்குபவர்தான். குடும்பச் சுமையைத் தோளில் வாங்கிக்கொண்டு தன் பயிற்சியை நிறுத்தினார். தம்பி ஊசியும் பிடித்தார், எடையும் தூக்கினார். உள்ளூர்ப் பயிற்சியாளர் அஸ்தம் தாஸ் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார்.

2022இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியின் 73 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் முறையில் 143, கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 170, மொத்தம் 313 கிலோ தூக்கித் தங்கம் வென்றார் அசிந்தா. போட்டிகளின் வரலாற்றில் அது புதிய சாதனை. அப்போது அவருக்கு வயது 20. பதக்கத்தை அண்ணனுக்கும் பயிற்சியாளருக்கும் காணிக்கையாக்கினார். ஊரில் அம்மா பூர்ணிமா அதுவரை மகன் வாங்கிய பதக்கங்களையும் கோப்பைகளையும் ஒரு பழைய கிழிந்த சேலையில் சுற்றி, வீட்டில் இருந்த ஒரே கட்டிலுக்கு அடியில் பத்திரப்படுத்தியிருந்தார். அந்தத் தங்கத்துக்குப் பிறகுதான், இவற்றை வைக்க ஓர் அலமாரி வாங்கு என்று மகனிடம் கேட்டார்.

நதியா மாவட்டத்துச் சக்தாஹாவிலிருந்து விடியற்காலை லோக்கல் ரயில் பிடித்துக் கொல்கத்தா விவேகானந்தா பார்க்குக்குப் பயிற்சிக்கு வந்த சிறுமிதான் ஜூலன் கோஸ்வாமி. ரயில் தவறினால் அன்றைய பயிற்சியும் போச்சு. 1997இல் ஈடன் கார்டன்ஸில் நடந்த மகளிர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் எல்லைக்கோட்டுக்கு வெளியே பந்து எடுத்துப்போட்டவர்களில் அவரும் ஒருவர். ஒருநாள் ஆட்டங்களில் 255 விக்கெட் எடுத்து ஓய்வுபெற்ற அவர் பெயரில் அதே மைதானத்தில் இன்று ஒரு பார்வையாளர் மாடம் இருக்கிறது.

ஜூலன் போட்ட பாதையில் வந்தவர் ஹூக்ளிக் கரையில் உள்ள சூச்சுராவின் திதாஸ் சாது. அவர் குடும்பம் அங்கே ஒரு கிளப் நடத்துகிறது. அங்கே ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த பெண், பிறகு பந்தைக் கையில் எடுத்தார். 2023 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் நடந்த 19 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நாலு ஓவரில் ஆறே ரன் கொடுத்து இரண்டு விக்கெட் வீழ்த்தினார். இங்கிலாந்து 68 ரன்னில் சுருண்டது. ஆட்ட நாயகி விருது திதாஸுக்கு.

ஜல்பைகுரியின் ஸ்வப்னா பர்மனுக்கு ஒவ்வொரு காலிலும் ஆறு விரல். கடையில் கிடைக்கும் ஷூ எல்லாமே கடிக்கும். அம்மா தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். ரிக்‌ஷா ஓட்டிய அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். கொல்கத்தா சால்ட் லேக்கில் உள்ள இந்திய விளையாட்டு ஆணைய மையத்தில் சுபாஷ் சர்க்காரிடம் பயிற்சி பெற்று, 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் பல்வலிக்காகக் கன்னத்தில் பட்டை ஒட்டிக்கொண்டே ஹெப்டத்லானின் ஏழு போட்டிகளையும் முடித்தார். 6026 புள்ளிகள், ஹெப்டத்லானில் இந்தியாவின் முதல் ஆசியப் போட்டித் தங்கம். அளவெடுத்துத் தைத்த ஷூவை அடிடாஸ் நிறுவனம் தந்தது அதற்குப் பிறகுதான். தேவைப்பட்டபோது வந்திருக்க வேண்டிய ஷூ, ஜெயித்த பிறகு வந்தது.

கலைஞர்களுக்கு ஸ்கோர்போர்டு கிடையாது என்பதால் அவர்கள் இன்னும் பின்தங்கிவிடுகிறார்கள். புருலியாவின் சாவ் நடனத்தை 2010இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. பெரிய முகமூடியை மாட்டிக்கொண்டு அந்தரத்தில் துள்ளி முழங்காலில் வந்து விழும் அந்த ஆட்டத்துக்கு, எந்த ஓட்டப் பந்தய வீரருக்கும் குறையாத உடல் பயிற்சி வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஆண்களே ஆடிவந்த அதை, மால்டி கிராமத்து மௌசுமி சௌத்ரி தந்தையிடம் கற்று, பெண்கள் மட்டுமே ஆடும் குழுவாக மேடையேற்றினார்.

வளர்த்த ஊரையும் சேர்த்துக் கொண்டாட வழி இருக்கிறது. தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில், இந்திய அணிக்கு ஆடிய நடராஜன் 2023இல் சொந்த ஊரிலேயே கிரிக்கெட் மைதானம் திறந்தார். ரிச்சாவைப் பாராட்டிய கையோடு மேற்கு வங்க அரசும் சிலிகுரியில் அவர் பெயரில் ஒரு மைதானம் கட்டப்போவதாக அறிவித்திருக்கிறது. தேவுல்பூருக்கும் ஜல்பைகுரிக்கும் மால்டிக்கும் அடுத்தபடியாக அறிவிப்பு வர வேண்டும்.