குளிர்க்காற்றின் வழியே வரும் புகை

மும்பைத் தமிழர்களுக்குக் கிங்ஸ் சர்க்கிள் சமீபத்திலுள்ள ஷண்முகானந்தா அரங்கத்தை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. 1952-இல் ஸ்தாபிக்கப்பட்ட சபை 1963-இல் சொந்த மண்டபம் கண்டு, 1990-இல் அதைத் தீக்குப் பறிகொடுத்து, பல ஆண்டுகள் கழித்துப் புதுப்பித்துத் திறந்த வரலாறு மாதுங்காவின் பெரியவர்களுக்கு மனப்பாடம். 2,700-க்கு மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அந்த மண்டபத்தில் கச்சேரி கேட்டுத் திரும்புகிறவர்கள் பாடகரின் சாரீரத்தைப் பற்றியும் மிருதங்கத்தின் நாதத்தைப் பற்றியும் ரயிலடி வரையில் அபிப்பிராயம் சொல்லிக்கொண்டு போவார்களேயன்றி, மூன்று மணி நேரமாகத் தாம் சுவாசித்த காற்று எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று என்று விசாரிப்பதில்லை. குளிர்ச்சியாக இருக்கிற வரையில் அப்படி விசாரிக்க அவசியமும் தோன்றுவதில்லை.

மத்திய ஏர்கண்டிஷன் வசதியுள்ள எந்த அரங்கத்திலும், ஆஸ்பத்திரியிலும், பெரிய ஆபீஸ் கட்டிடத்திலும், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே நாகம் பூசிய தகட்டால் செய்த சதுரக் குழாய்கள் ஓடுகின்றன. தொழில் செய்கிறவர்கள் அதை டக்ட் என்றே சொல்லுவார்கள். ஏ.எச்.யூ. என்று மூன்றெழுத்தில் வழங்கும் யந்திரம் ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, குளிர்ந்த காற்றை ஒரு டக்ட் வழியே அனுப்பி, வெப்பமேறிய காற்றை வேறொரு டக்ட் வழியே திரும்ப இழுத்து, வடிகட்டி, அதனோடு சிறிதளவு வெளிக்காற்றைக் கலந்து, மறுபடியும் அனுப்புகிறது. மின்சாரச் சிக்கனத்தை உத்தேசித்துச் செய்த இந்த ஏற்பாட்டினால், ஒரு மூலையில் ஒருவர் ஊதுவத்தி கொளுத்தினால் அதன் வாசனை சற்று நேரத்தில் மறுமூலைக்குப் போய்ச் சேருகிறது. ஊதுவத்திக்குத் திறந்த வழி புகைக்கும் திறந்ததுதான்.

இந்த வழியின் கொடுமையை நம் தேசம் இரண்டு முறை பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. 1997 ஜூன் 13 அன்று டில்லி உபஹார் தியேட்டரில் பிற்பகல் காட்சி நடந்துகொண்டிருந்தபோது, கீழ்த்தளத்து டிரான்ஸ்ஃபார்மரில் பற்றிய தீ கார் நிறுத்துமிடத்துக்குப் பரவ, அதன் புகை மாடிப்படி வழியாகவும் ஏர்கண்டிஷன் டக்டுகள் வழியாகவும் பால்கனிக்குள் புகுந்து 59 பேரைக் கொன்றது. 2011 டிசம்பர் 9 விடியற்காலையில் கல்கத்தா டாக்குரியாவிலுள்ள ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையின் அடித்தளத்தில் எழுந்த புகையும் டக்டுகளைப் பற்றிக்கொண்டே மேல்மாடி வார்டுகளுக்கு ஏறிற்று. கண்ணாடியால் அடைத்த அக்கட்டிடத்தில் தொண்ணூறு பேரளவில் மாண்டார்கள், பெரும்பாலோர் எழுந்து நடக்க இயலாத நோயாளிகள். இவ்விரண்டிலும் மாண்டவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது தீயின் ஜ்வாலையன்று, மூச்சை அடைத்த புகை.

டக்டுக்குள் பாதுகாப்பே இல்லாமல் இல்லை. சுவரைக் கடக்கும் இடங்களில் டாம்பர் என்ற இரும்புப் பலகைகளை வைத்து, ஏரி மதகைப் போல வேண்டும்போது இறக்கிக்கொள்ளும் வழக்கம் பழையது. பழைய மாதிரி டாம்பரில், ஏறக்குறைய 72 டிகிரி வெப்பத்தில் உருகும் ஓர் உலோக இணைப்பு பலகையைத் தூக்கிப் பிடித்திருக்கும். அது உருகினால் பலகை விழுந்து வழி அடைபடும். தீ பக்கத்தில் இருந்தால் இது போதும். ஆனால், நாலு மாடி தள்ளி எரிகிற தீயின் புகை, குளிர்க்காற்றோடு கலந்து, டக்டின் தகட்டில் உராய்ந்து வருவதற்குள் உடம்புச் சூடளவுக்குக்கூட இல்லாமல் ஆறிவிடுகிறது. கொல்லும் சக்தி அதனிடம் குறையவில்லை. உலோகத்தை உருக்கும் சக்தியோ அறவே இல்லை. ஆகையால் வெப்பத்தை அல்லாமல் புகையையே அறிந்துகொள்ளக்கூடிய ஒரு சாதனம் டக்டுக்குத் தேவைப்படுகிறது.

அந்தச் சாதனம் பார்வைக்கு அற்பமானது. டக்டின் வெளிப்புறத்தில் புத்தகத்தளவு பெட்டி ஒன்று பொருத்தியிருக்கும். அதிலிருந்து இரண்டு குழாய்கள் டக்டுக்குள் நீளும். ஒன்று நீளமானது, வரிசையாகத் துளைகள் உள்ளது, துளைகள் காற்று வரும் திசையை எதிர்நோக்கி நிற்கும். மற்றது குட்டை, காற்றை வெளியேற்றுவது. ஓடுகிற காற்றின் அழுத்த வித்தியாசமே ஒரு சிறு பகுதியை நீளக்குழாய் வழியே பெட்டிக்குள் தள்ளி, குட்டைக்குழாய் வழியே திரும்ப டக்டுக்குள் விடுகிறது. பெட்டிக்குள் ஓர் இருட்டறை. அதில் ஒளிக்கதிர் ஒன்று போய்க்கொண்டிருக்க, அதன் நேர்வழியை விட்டு விலகிய கோணத்தில் ஒளியுணரும் சில்லு ஒன்று காத்திருக்கிறது. காற்று நிர்மலமாக இருக்கிறவரை சில்லின்மேல் ஒளி படாது. புகைத்துகள் நுழைந்ததும் ஒளி சிதறி அதன்மேல் விழ, தீ எச்சரிக்கைப் பேனலுக்குச் செய்தி போகும்.

இந்தச் செய்தியின் பயனைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். மணி அடித்து மக்களை எழுப்புவது இதன் பிரதான காரியமன்று. ஃபேனை நிறுத்துவதும், டாம்பரை மூடுவதுமே இதன் உத்தியோகம். அதாவது, காற்றைச் சுமக்கும் யந்திரம் புகையைச் சுமக்காமல் தடுப்பது. ஃபேன் ஓடாத இரவு வேளையில் காற்றோட்டம் இராது, ஆகவே இதற்கு ஒன்றும் தெரியாது. டக்டில் இருக்கிறதே என்று அறையின் கூரையில் வைக்கவேண்டிய டிடெக்டரை விட்டுவிடுவது பெரும் பிழை. இன்னொரு பக்கம், அடித்தளத்துக் கார் நிறுத்துமிடத்தில் புகையை வெளியேற்றவே வைத்த ஃபேன் தீயின்போது நிற்கவே கூடாது. மணிக்குப் பன்னிரண்டு முறை அங்குள்ள காற்று முழுவதும் மாறவேண்டும் என்று தேசியக் கட்டிட விதித்தொகுப்பு சொல்லுகிறது. எதை நிறுத்துவது, எதை ஓட்டுவது என்பதை வயர் இழுப்பதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

பொருத்துகிற கலையில் முக்கியமானது இடத் தேர்வு. டக்ட் வளையும் இடத்துக்கு ஒட்டிக் காற்று சுழன்றடிக்கும். புகை ஒரு பக்கமாக ஒதுங்கிப் போய்விடலாம். ஆகவே வளைவிலிருந்து டக்டின் அகலத்தைப் போல ஆறு மடங்காவது தள்ளி, நேராக ஓடும் பகுதியில் வைப்பது நல்ல வழக்கம். அனுப்பும் பக்கத்தில் ஃபில்டருக்கு அப்பால், முதல் கிளை பிரிவதற்கு முன்னால் வைக்க வேண்டும். ஃபில்டரே பற்றிக்கொண்டாலும் அப்போதுதான் தெரியும். திரும்பும் பக்கத்தில், வெளிக்காற்று வந்து கலந்து புகையை நீர்க்கச் செய்வதற்கு முன்னால். நீளக்குழாய் டக்டின் அகலம் முழுவதையும் எட்டவேண்டும்; நீளம் மூன்றடியை மீறினால் மறுமுனைக்கும் தாங்கல் வேண்டும், இல்லையேல் ஃபேனின் அதிர்வில் ஆடி ஆடித் துளைகள் திசை மாறும்.

செம்பூரில் ஓர் ஆபீஸ் கட்டிடத்தில் (பெயர் வேண்டாம்) இந்த வேலை நடப்பதை ஏணியடியில் நின்று கவனித்தேன். ஏணியின்மேல் நின்றவர் தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக்காரர். மூடியைக் கழற்றி, நீளக்குழாயை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பாதித் துளைகளில் சாம்பல் நிறப் பஞ்சு அடைத்திருந்தது. போதாக்குறைக்கு, துளைகள் காற்று போகும் திசையை நோக்கியிருந்தபடி யாரோ மாட்டியிருந்தார்கள். சென்ற பரிசோதனையில் இது தேறியதாக ரிஜிஸ்டரில் கையெழுத்து இருந்தது. எப்படித் தேறியது என்று கேட்டேன்.

“காந்தத்தைக் காட்டினா மணி அடிக்கும் அண்ணாச்சி. குழாய்க்குள்ள சிலந்தி கூடு கட்டியிருந்தாலும் அடிக்கும். போர்டு வேலை செய்யுதுன்னுதான் அதுக்கு அர்த்தம். காத்து உள்ளே போகுதான்னு யாரு பாத்தா?”

அவர் அதைப் பார்த்தார். இரண்டு குழாய்களுக்கும் இடையே அழுத்தமானியை வைத்து வித்தியாசத்தை அளந்தார்; குழாயைத் திருப்பி மாட்டி மறுபடி அளந்தார்; பெட்டிக்குள் ஸ்ப்ரே டப்பாவிலிருந்து பரிசோதனைப் புகையைச் செலுத்தினார். மணி அடித்ததும் இறங்கிவிடாமல், ஏ.எச்.யூ. அறைக்குப் போய் ஃபேன் நின்றதா என்று பார்த்துவரத் தம் உதவியாளரை அனுப்பினார். ஃபேன் ஓடிக்கொண்டேயிருந்தது. பேனலிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் வயரை எவரோ எப்போதோ கழற்றிவிட்டிருந்தார்கள்.

கழற்றியவர்மேல் எனக்குக் கோபத்தைவிட அனுதாபமே அதிகம். ஒளியைச் சிதறடிப்பதில் புகைத்துகளுக்கும் தூசிக்கும் பேதமில்லை. இருட்டறை இரண்டையும் பிரித்தறியாது. கட்டிட வேலை ஓயாத மும்பையில் தூசிக்குக் குறைவில்லை. மழைக்காலத்து ஈரம் குளிர்ந்த தகட்டில் வியர்த்து நிற்கும். தீபாவளி வெடிப்புகையையோ வெளிக்காற்று டக்ட் தானே உள்ளே இழுத்து வரும். காரணமின்றி நாலு முறை ஏர்கண்டிஷன் நின்றால், முதலாளியின் வசவைக் கேட்பவன் கீழ்நிலை ஆபரேட்டர். அவன் பைபாஸ் போட்டுவிடுகிறான். உரிய காலத்தில் இருட்டறையை மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, குழாயைக் காற்றூதிச் சுத்தம் செய்து, பெட்டியின் இடுக்கை ரப்பர் பட்டையால் அடைத்திருந்தால் அவனுக்கு அந்த நிர்ப்பந்தம் வந்திராது. சில கட்டிடங்களில் பெட்டியை எட்டுவதற்கே வழியில்லை. உள் அலங்காரம் செய்கிறவர்கள் அழகுக்காகச் சீலிங்கைத் திறப்பில்லாமல் மூடிவிடுகிறார்கள்.

மகாராஷ்டிரத்தின் 2006-ஆம் வருஷத்துத் தீத்தடுப்புச் சட்டப்படி, கட்டிடத்தின் தீயணைப்புச் சாதனங்கள் நல்ல நிலையில் உள்ளனவென்று லைசென்ஸ் பெற்ற ஏஜென்சியிடம் ‘பி’ படிவம் வாங்கி, ஆண்டுதோறும் ஜனவரியிலும் ஜூலையிலும் தாக்கல் செய்ய வேண்டும். சட்டத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. தாளில் கையெழுத்திடுமுன் ஃபேன் நின்றதையும் டாம்பர் மூடியதையும் கண்ணால் பார்த்தவர் யார் என்று சொஸைட்டி காரியதரிசியோ ஆபீஸ் மானேஜரோ ஒரு வார்த்தை கேட்பதைத்தான் காணோம்.

வீடுகளில் இந்த டக்ட் இல்லையே என்று சமாதானம் கொள்ளவும் முடியாது. 2018 டிசம்பரில் செம்பூர் திலக் நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நேர்ந்த தீயில் ஐவர் மாண்டார்கள், பெரும்பாலோர் முதியவர்கள். இத்தகைய குடியிருப்புகளில் அடியிலிருந்து மொட்டைமாடி வரை மின்கேபிள்கள் ஏறும் செங்குத்துச் சந்து ஒன்று உண்டு. அதற்கும் எலெக்ட்ரிக் டக்ட் என்றே பெயர். ஒவ்வொரு தளத்திலும் கேபிளைச் சுற்றியுள்ள இடைவெளியைத் தீயைத் தாங்கும் பூச்சால் அடைக்காவிட்டால் அது புகைபோக்கியாகிவிடும். தாராவியின் சந்துகளில் அடுப்புப் புகையும் கும்பார்வாடாச் சூளைப் புகையும் கண்ணெதிரே வானத்துக்குப் போய்விடுகின்றன. அந்த ஜனங்கள் மறுசீரமைப்பில் உயரமான கட்டிடங்களுக்குக் குடிபோகும்போது, அங்குள்ள மின்கேபிள் சந்தின் கதவுக்குச் சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறதா, தளத்துக்குத் தளம் இடைவெளி அடைத்திருக்கிறதா, கேபிள் டி.வி.க்காரரும் இன்டர்நெட்காரரும் புது வயர் இழுத்துவிட்டுப் போட்ட ஓட்டை அப்படியே கிடக்கிறதா என்பதை வீட்டுச் சாவி வாங்கும் நாளிலேயே டார்ச் விளக்கைப் பிடித்துப் பார்த்துக்கொள்ளலாம். பத்து நிமிஷ வேலை.