இளைப்பைப் பாராட்டும் வீடுகளில் மறைந்துபோகும் நோய்: கைப்பேசித் திரை தீர்மானிக்கும் உடலும் உணவும்

பாலக்காடு: கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்த 18 வயது கல்லூரி மாணவி ஒருவர் 2025 மார்ச் மாதம் தலச்சேரியில் உள்ள மருத்துவமனையில் உயிரிழந்தார். எடை கூடிவிடும் என்ற அச்சத்தில் அவர் பல மாதங்களாக உணவைத் தவிர்த்து வந்ததாகவும், இணையத்தில் கண்ட உணவுமுறையைப் பின்பற்றியதாகவும் உறவினர்கள் தெரிவித்தனர். 'அனோரெக்சியா நெர்வோசா' எனப்படும் உணவு மறுப்பு நோயால் அவர் பாதிக்கப்பட்டிருந்ததாக மருத்துவர்கள் கூறினர். அதே ஆண்டு ஜூலையில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல் அருகே 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு ஏறத்தாழ மூன்று மாதங்கள் பழச்சாறு மட்டுமே அருந்தி வந்தார் என்பது அவருடைய குடும்பத்தினர் கூறிய தகவல்.

இரு நிகழ்வுகளும் பாலக்காட்டிலோ இடுக்கியிலோ நிகழ்ந்தவை அல்ல. ஆயினும் இவ்விரு மாவட்டங்களின் தமிழ்க் குடும்பங்கள் அவற்றைத் தொலைவில் நடந்தவையாகக் கருத இயலாது. கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பகுதிகளிலும், மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, குமுளி மலைப்பகுதிகளிலும் பிள்ளைகளின் கைப்பேசிக்குச் சென்னையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் காணொளிகள் ஒருசேர வருகின்றன. 'ஏழே நாளில் தொப்பை கரையும்' என்ற வாக்குறுதி இங்கு இரண்டு மொழிகளில் கேட்கிறது.

பிஜித் தீவு காட்டிய பாடம்

திரையில் காணும் உடல், பார்ப்பவரின் உணவுத் தட்டை மாற்றுமா என்ற கேள்விக்குத் தெளிவான விடைகளுள் ஒன்று பசிபிக் பெருங்கடலின் பிஜித் தீவிலிருந்து கிடைத்தது. அங்குள்ள நட்ரோகா பகுதிக்கு 1995ஆம் ஆண்டில்தான் தொலைக்காட்சி வந்தது. அதுவரை அந்தச் சமூகத்தில் பூசினாற்போன்ற உடலே அழகு. விருந்தினரை வயிறார உண்ணச் செய்வதே பண்பு. நம் ஊர்களுக்கும் இது புதிதல்ல.

தொலைக்காட்சி வந்த சில வாரங்களிலும், மீண்டும் 1998ஆம் ஆண்டிலும் அங்குள்ள பள்ளி மாணவியரிடம் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் ஆன் பெக்கர் ஆய்வு நடத்தினார். உணவு குறித்த கவலைக்கிடமான மனநிலை கொண்டோர் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாக உயர்ந்திருந்தனர். எடையைக் கட்டுப்படுத்த வாந்தி எடுக்கும் பழக்கம் முதல் ஆய்வில் ஒருவரிடமும் இல்லை. மூன்றே ஆண்டுகளில் அது 11.3 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. அந்த மாற்றத்திற்கு வீட்டிலோ அண்டை வீட்டிலோ இருந்த ஒரு தொலைக்காட்சிப் பெட்டி போதுமானதாக இருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தொலைக்காட்சி எல்லோருக்கும் ஒரே நிகழ்ச்சியைக் காட்டியது. சமூக ஊடகச் செயலியோ பயனர் எதில் சற்று நேரம் நிற்கிறார் என்று கணித்து, அதையே மேலும் மேலும் முன்வைக்கிறது. எடைக் குறைப்புக் காணொளி ஒன்றில் தயங்கி நிற்கும் சிறுமிக்கு அடுத்த நாள் அதுபோன்ற பத்து காணொளிகள் வந்து சேர்கின்றன. இன்ஸ்டாகிராம் குறித்து அதன் உரிமையாளரான பேஸ்புக் நிறுவனம் மேற்கொண்ட உள் ஆய்வு 2021 செப்டம்பரில் வெளியானது. தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக உணர்ந்த வளரிளம் பெண்களில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அந்த உணர்வை மேலும் மோசமாக்கியது என்று அதில் தெரிவித்திருந்தனர்.

நலம் விசாரிப்பில் தொடங்கும் காயம்

எனினும் முழுப் பழியையும் கைப்பேசி மீது சுமத்துவது எளிதான தப்பித்தல். தமிழில் 'உடம்பு போட்டுட்டியே' என்றும் மலையாளத்தில் 'தடி வெச்சல்லோ' என்றும் நலம் விசாரிப்பது எல்லைப்புறத் திருமண வீடுகளில் அன்றாட வழக்கம். சொல்பவர் அடுத்த நிமிடமே மறந்துவிடுகிறார். கேட்கும் பதினைந்து வயதுப் பிள்ளை மறப்பதில்லை. 2025 நவம்பரில் சென்னையில் நடந்த திரைப்படச் செய்தியாளர் சந்திப்பில் தம் எடை குறித்த கேள்விக்கு நடிகை கௌரி கிஷன் எதிர்ப்புத் தெரிவித்தார். தமிழ், மலையாளத் திரைக்கலைஞர் சங்கங்கள் அவருக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தன. வீட்டு முற்றத்தில் அதே கேள்வியை எதிர்கொள்ளும் பிள்ளைக்காகப் பேச எந்தச் சங்கமும் இல்லை.

சமூகத்தின் பார்வை உணவை மாற்றிய மற்றொரு வரலாறும் பாலக்காட்டில் உண்டு. கோவை மாவட்டத்தை ஒட்டிய அட்டப்பாடியில் வாழும் இருளர், முதுகர், குறும்பர் மக்களின் தலைமுறைகள் ராகி, சாமை, தினை, கீரை, பயறு ஆகியவற்றை உண்டு வளர்ந்தவை. நிலம் கைவிட்டுப் போனதும், நியாயவிலைக் கடை அரிசி வந்ததும், 'களி என்றால் ஏழை உணவு' என்ற ஏளனமும் சேர்ந்து அந்தத் தட்டைச் சுருக்கின. 2013ஆம் ஆண்டில் அங்கு நிகழ்ந்த பச்சிளங்குழந்தை மரணங்கள் நாட்டின் கவனத்தை ஈர்த்தன. தாய்மாரின் ஊட்டச்சத்துக் குறைபாடும் ரத்தசோகையும் அப்போது முதன்மைக் காரணங்களாகப் பேசப்பட்டன. சமுதாயச் சமையற்கூடங்கள் திறக்கப்பட்டன. 2017இல் சிறுதானியக் கிராமத் திட்டம் தொடங்கப்பட்டது.

இன்று அதே சாமையும் தினையும் கோவைக் கடைகளில் 'டயட் உணவு' என்ற முத்திரையுடன் அரிசியைவிடக் கூடுதல் விலைக்கு விற்கப்படுகின்றன. தானியம் மாறவில்லை. அதை உண்பவர் யார் என்பதைப் பொறுத்து மதிப்பு மாறியிருக்கிறது.

எடைக் குறைப்பே தேவையற்றது என்று இதற்குப் பொருள் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி கேரளப் பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினரும், தமிழகப் பெண்களில் சுமார் 40 விழுக்காட்டினரும் அதிக எடை கொண்டவர்கள். கேரளப் பெண்களில் பத்தில் ஒருவர் இயல்பைவிட மெலிந்தவர். நீரிழிவு, ரத்த அழுத்தம் காரணமாக மருத்துவர் பரிந்துரைக்கும் உணவுக் கட்டுப்பாடு வேறு. காணொளி கற்பிக்கும் பட்டினி வேறு.

உடலுக்குள் நிகழ்வது என்ன?

'அனோரெக்சியா' என்ற சொல்லுக்குப் பசியின்மை என்று பொருள். பெயரே தவறான எண்ணத்தைத் தருகிறது. தொடக்கத்தில் பெரும்பாலான நோயாளிகளுக்குப் பசி இருக்கும், அதை அடக்குவதையே வெற்றியாக உணர்வார்கள். போதிய உணவு கிடைக்காத உடல் முதலில் கொழுப்பையும் பின்னர் தசையையும் எரிக்கிறது. இதயமும் ஒரு தசையே. ரத்தத்தில் பொட்டாசியம் குறையும்போது இதயத் துடிப்பு தாறுமாறாகிறது. மாதவிடாய் நிற்கிறது, எந்நேரமும் குளிர்வதாகத் தோன்றுகிறது. மூணாறு போன்ற குளிர்ப்பகுதிகளில் இந்தக் கடைசி அறிகுறி எளிதில் கவனத்துக்குத் தப்பிவிடும்.

பட்டினி மனத்தையும் மாற்றும் என்பதை 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வு காட்டியது. நலமான 36 ஆண்கள் 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைக்கப்பட்டனர். அவர்களுக்கு மனச்சோர்வும் எரிச்சலும் ஏற்பட்டன; எந்நேரமும் உணவைப் பற்றியே நினைத்தனர், சமையல் நூல்களைப் படிக்கத் தொடங்கினர். ஆகவே, உண்ண மறுக்கும் பிள்ளையைப் 'பிடிவாதக்காரி' என்று திட்டுவதால் பயனில்லை. பிடிவாதமாகத் தெரிவதில் ஒரு பகுதி பட்டினியின் விளைவு.

குடும்பத்தினர் அறிய வேண்டிய மற்றொன்று: நீண்ட நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக வயிறார ஊட்டுவது ஆபத்தானது. திடீரென வரும் மாவுச்சத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் அளவு சரிந்து இதயமும் நுரையீரலும் பாதிக்கப்படலாம். எனவே உணவைச் சிறிது சிறிதாக, மருத்துவக் கண்காணிப்பில் கூட்ட வேண்டும்.

உணவு வேளையில் ஏதேனும் காரணம் சொல்லி அகலுதல், தட்டிலுள்ளதை மறைத்தல், சாப்பிட்டவுடன் நெடுநேரம் குளியலறையில் இருத்தல், தொளதொளப்பான ஆடைகளையே அணிதல், மயக்கம், முடி உதிர்தல் ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். ஆண்பிள்ளைகளிடம் இந்நோய் வேறு முகம் காட்டலாம்: தசை வளர்ப்பு மோகம், கட்டுமீறிய உடற்பயிற்சி, சத்து மாவுகளையே நம்பியிருத்தல்.

சட்டத்தின் எல்லை

உடல் பருமனைக் குணப்படுத்தும் என்று மருந்துகளை விளம்பரம் செய்வதற்கு 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் ஏற்கெனவே தடை விதித்துள்ளது. ஆனால் மருந்து எதையும் விற்காமல் பட்டினியை மட்டும் கற்பிக்கும் காணொளி அச்சட்டத்தின் பிடிக்குள் எளிதில் வருவதில்லை. விளம்பரங்களில் உருத்திருத்தப்பட்ட உடல் படங்களுக்கு அறிவிப்பு முத்திரை கட்டாயம் என்ற விதியைப் பிரான்ஸ் 2017இலும் நார்வே 2022இலும் நடைமுறைப்படுத்தின.

உதவி தேவைப்படுவோர் மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல ஆலோசனை சேவையை 14416 என்ற எண்ணில் நாள் முழுவதும் கட்டணமின்றி அழைக்கலாம். கேரளத்தில் 'திசா' உதவி மையத்தின் எண் 1056, தமிழகத்தில் 104. டெலி மானஸ் சேவை தமிழிலும் மலையாளத்திலும் உண்டு என்பதால், எல்லைப்புறத் தமிழர்கள் தங்களுக்கு இயல்பான மொழியிலேயே பேசலாம். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ இருந்தால் தொலைபேசி ஆலோசனைக்குக் காத்திராமல் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.