ஓவியத்துக்கு எப்படி மார்க் போடுகிறார்கள்?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வார எபிசோட் ஒரு வாய்ஸ் நோட்டில் இருந்து தொடங்குகிறது. அனுப்பியது ப்ளஸ் டூ படிக்கிற ஒரு பெண். "அக்கா, எனக்கு ஃபைன் ஆர்ட்ஸ் சேரணும். படத்துக்கு எப்படிம்மா மார்க் போடுவாங்க, அங்க ஃபெயில் எல்லாம் உண்டான்னு அப்பா கேக்கறாரு. எனக்கே தெரியல. என்ன சொல்றது?"

அப்பா கேட்டது நல்ல கேள்வி. நான் நாலு வருஷம் பி.எஃப்.ஏ. படித்தேன். பிறகு இன்னொரு கல்லூரியில் இரண்டு செமஸ்டர் பாடமும் எடுத்தேன். மார்க் வாங்கியும் இருக்கிறேன், போட்டும் இருக்கிறேன். இரண்டிலும் அடிபட்டிருக்கிறேன். அதனால் நேரடியாகவே சொல்கிறேன்: ஆமாம், ஃபெயில் உண்டு. ஆனால் பெரும்பாலும் படம் நல்லாயில்லை என்பதற்காக யாரும் ஃபெயில் ஆவதில்லை.

52-ம் 81-ம்

மூன்றாம் வருஷம். பெயிண்டிங் ஜூரி. ஜூரி என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். செமஸ்டர் முழுக்கச் செய்த வேலைகளைச் சுவரில் மாட்டிவிட்டு நாம் பக்கத்தில் நிற்க வேண்டும். நம் ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேர், வெளியில் இருந்து வந்த தேர்வாளர் ஒருவர் என்று வரிசையாக வருவார்கள். பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள், தாளில் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள்.

எங்கள் பாட்டி வீட்டுச் சமையலறையை மூன்று மாதம் உட்கார்ந்து ஐந்து பெரிய கேன்வாஸில் வரைந்திருந்தேன். அதற்கு 52. அதே செமஸ்டரில் பிரிண்ட்மேக்கிங் வேலையை நாலே ராத்திரியில் முடித்துக் கொடுத்தேன். அதற்கு 81. ஏன் என்று கேட்கப் போனேன். "இன்னும் நல்லா பண்ணலாம்மா" என்றார் ஆசிரியர். அவ்வளவுதான் பதில். கோபம் வந்ததை விடப் பயம்தான் அதிகம் வந்தது. எது நல்ல வேலை என்றே எனக்குத் தெரியவில்லையோ என்ற பயம். அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் நான் தூரிகையைத் தொடவே இல்லை.

சுவரில் மாட்டியது மட்டும் கணக்கில்லை

எதற்காக அந்த 52 என்பது நான் மார்க் போடும் பக்கம் வந்தபிறகுதான் புரிந்தது. ஒழுங்காக நடக்கும் கலைக் கல்லூரிகளில் ஒரு வேலையைப் பிரித்துத்தான் மதிப்பிடுவார்கள். இதற்கென்று ஒரு அட்டவணை இருக்கும், ரூப்ரிக் என்பார்கள். தலைப்புகள் இடத்துக்கு இடம் மாறினாலும் பொதுவாக நாலு விஷயம் வரும்.

ஒன்று, யோசனை. என்ன கேள்வியோடு இந்த வேலைக்குள் போனாய்? இரண்டு, கைத்திறன். வண்ணம், கோடு, பொருள் எல்லாம் உன் கைக்கு அடங்கியிருக்கிறதா? மூன்று, செயல்முறை. ஸ்கெட்ச் புக் எங்கே, தோற்ற முயற்சிகள் எங்கே, எதைப் பார்த்து எதை மாற்றினாய்? நாலு, முன்வைப்பது. மாட்டிய விதம், அதைப் பற்றிப் பேசிய விதம்.

என் சமையலறைக்கு ஸ்கெட்ச் புக்கே கிடையாது. நேராகக் கேன்வாஸில் இறங்கிவிட்டேன். ஐந்து படமும் ஒரே கோணம், ஒரே வெளிச்சம். கேள்வி கேட்டபோது "பாட்டி ஞாபகம் சார்" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். பிரிண்ட்மேக்கிங்கில் அப்படித் தப்பிக்க முடியாது. ஒவ்வொரு பிளேட்டுக்கும் சோதனைப் பிரிண்ட் எடுத்தே ஆகணும். அந்தச் சோதனைத் தாள்கள் எல்லாம் என்னை அறியாமலேயே செயல்முறைக்கான சாட்சியாக ஆகிவிட்டன.

இது நானாகப் பின்னால் கூட்டிப் பார்த்த கணக்கு. அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. அட்டவணை என்று ஒன்று இருந்ததா என்பதுகூட எனக்குக் காட்டப்படவில்லை. மார்க் குறைந்ததைப் பற்றி இப்போது எனக்கு வருத்தம் இல்லை. காரணம் சொல்லாமல் விட்டதுதான் இன்னும் உறுத்துகிறது.

அளவு வைத்துச் சொல்லக்கூடிய கலையும் உண்டு

"கலைக்கு எப்படிங்க அளவுகோல் வைக்க முடியும்?" என்று கேட்பவர்களை மாமல்லபுரத்துக்குப் போய்ப் பார்க்கச் சொல்வேன். 1957-ல் தொடங்கிய அரசு சிற்பப் பயிற்சி மையம்தான் இன்றைக்கு அங்கே அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக இருக்கிறது. மரபுச் சிற்பத்துக்குத் தாளமானம் என்ற அளவு முறை உண்டு. முகத்தின் நீளம் ஒரு தாளம், அதற்கு 12 அங்குலம். நவதாளச் சிலை என்றால் ஒன்பது தாளம், மொத்தம் 108 அங்குலம். இந்த அங்குலம் ஸ்கேலில் இருக்கும் அங்குலம் இல்லை. அந்தச் சிலையின் உயரத்தில் இருந்தே பிரித்து எடுப்பது. மூக்கு எங்கே, தொப்புள் எங்கே, முட்டி எங்கே என்று நூல் பிடித்துப் பார்க்கலாம். தவறு இருந்தால் மாணவருக்கும் தெரியும், ஆசிரியருக்கும் தெரியும்.

ஆனால் அளவு சரியாக இருந்தும் உயிரில்லாத சிலை உண்டு. அதை எந்த நூலும் சொல்லாது. எல்லாக் கலைக் கல்லூரியிலும் இந்த இரண்டு பகுதியும் இருக்கிறது: சரிபார்க்க முடிந்தது, சரிபார்க்க முடியாதது. முதலாவதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டாலே பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

கிரெடிட் கணக்கில் ஒரு சின்ன அநியாயம்

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, கூட்டல் பெருக்கல்தான்.

யு.ஜி.சி.யின் கிரெடிட் முறையில் மதிப்பு 10 புள்ளி வரை போகும். ஓ என்றால் 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5, பி என்ற பாஸ் 4, எஃப் என்றால் பூஜ்யம். ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் வருவது செமஸ்டர் சராசரி.

கிரெடிட் எப்படி வருகிறது என்பதில்தான் விஷயம். வாரத்துக்கு ஒரு மணி நேர விரிவுரை ஒரு கிரெடிட். ஆனால் செய்முறை என்றால் இரண்டு மணி நேரம் சேர்ந்தால்தான் ஒரு கிரெடிட். கலைக் கல்லூரியில் ஸ்டூடியோ முழுக்கச் செய்முறைதான்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்குப் பெயிண்டிங் 12 மணி நேரம், அதாவது 6 கிரெடிட். டிராயிங் 8 மணி நேரம், 4 கிரெடிட். கலை வரலாறு 4 மணி நேரம், 4 கிரெடிட். மொழிப்பாடம் 3 மணி நேரம், 3 கிரெடிட். ஸ்டூடியோவில் கெட்டிக்காரியான ஒரு பெண் பெயிண்டிங், டிராயிங் இரண்டிலும் 9 வாங்குகிறாள். கலை வரலாற்றில் 5, மொழியில் 6. கூட்டினால் 128, மொத்தம் 17 கிரெடிட். சராசரி 7.53. அதுவே உழைத்த மணி நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் 8.07 வரும். அவளுடைய 27 மணி நேரத்தில் 20 ஸ்டூடியோவில் போகிறது, முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு. மார்க்கில் அதன் எடை 59 சதவீதம்தான்.

அதனால் கலைக் கல்லூரி போகிறவர்களுக்கு என் முதல் எச்சரிக்கை: "நான் படம் போடத்தான் வந்தேன்" என்று கலை வரலாற்று வகுப்பில் தூங்காதீங்க. உங்க ஸ்டூடியோ மார்க்கை அது இழுத்துக் கீழே போட்டுவிடும்.

மார்க்கே வேண்டாம் என்றால்?

சிலர் அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1933-ல் தொடங்கிய பிளாக் மவுண்டன் கல்லூரியில் கட்டாயப் பாடம் கிடையாது. மாணவர்களிடம் மார்க்கும் சொல்லமாட்டார்கள். வேறு கல்லூரிக்கு மாறுகிறவர்களுக்குத் தேவைப்படும் என்று அலுவலகத்தில் மட்டும் குறித்து வைத்திருந்தார்கள். பட்டம் வேண்டுமென்றால், தயார் என்று மாணவரே சொல்லி, வெளியில் இருந்து வரும் தேர்வாளர் முன்னால் நிற்க வேண்டும். பட்டம் வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். ஓவியர் ராபர்ட் ரவுஷென்பெர்க், சிற்பி ரூத் அசாவா எல்லாம் அங்கே படித்தவர்கள். கல்லூரி 1957-ல் மூடப்பட்டது.

கலிஃபோர்னியாவின் கால்ஆர்ட்ஸில் ஏ, பி, சி கிடையாது. ஹை பாஸ், பாஸ், லோ பாஸ், இன்கம்ப்ளீட், நோ கிரெடிட் என்றுதான் போடுவார்கள். மார்க் இல்லாத இடத்தைப் பேச்சு நிரப்பும். அங்கே மைக்கேல் ஆஷர் என்ற கலைஞர் நடத்திய விமர்சன வகுப்பு ரொம்பப் பிரபலம். காலையில் தொடங்கினால் நள்ளிரவு தாண்டியும் போகும். ஒரு மாணவரின் வேலையைப் பற்றிச் சக மாணவர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குச் சின்ன வகுப்பு வேணும், நேரம் வேணும். பேசத் தெரிந்தவர் ஜெயித்துவிடுவார் என்ற ஆபத்தும் உண்டு. நம் ஊரில் வேலைக்கோ மேற்படிப்புக்கோ போனால் முதலில் சதவீதம்தான் கேட்பார்கள்.

நான் மார்க் போட்ட கதை

இப்போது என் பக்கத்துத் தப்பு. என் வகுப்பில் 31 பேர். முதல் செமஸ்டர் முடிவில் ஒரே நாளில் எல்லா வேலைகளையும் பார்த்து மார்க் போட்டேன். ஏதோ சந்தேகம் வந்து, இரண்டு நாள் கழித்து, பழைய தாளைப் பார்க்காமல் ஐந்து பேருடைய வேலையை மட்டும் திரும்ப மதிப்பிட்டேன். ஒருத்திக்கு முதல் நாள் 61 போட்டிருந்தேன். இரண்டாவது தடவை 74. அதே படம், அதே நான். முதல் நாள் அவள் முறை சாயங்காலம் கடைசியில் வந்தது. எனக்குத் தலைவலி. நான் 52 வாங்கிய அன்றைக்கு எதிரில் நின்றவருக்கு என்ன வலியோ என்று அப்போதுதான் தோன்றியது.

31 பேருக்கும் மறுபடி போட்டேன். இந்த முறை அட்டவணையை வைத்து, ஒவ்வொரு தலைப்பாக. எல்லாருடைய கைத்திறனையும் முதலில், பிறகு எல்லாருடைய யோசனையையும் என்று. ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி எழுதியும் கொடுத்தேன். மூன்று நாள் ஆனது. அதற்குச் சம்பளம் கிடையாது, அது வேற கதை.

இரண்டாம் செமஸ்டரில் ஒரு பையன். வகுப்பிலேயே நல்ல கை அவனுக்குத்தான். ராத்திரி பூரா ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் வேலை, காலை வகுப்புக்கு வரமாட்டான். அங்கே விதி இதுதான்: 75 சதவீத வருகை இருந்தால் தேர்வு எழுதலாம். 65-க்கு மேல் இருந்தால் அபராதம் கட்டி எழுதலாம், கன்டோனேஷன் என்பார்கள். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்கணும். அவனுக்கு 61. அகமதிப்பீட்டில் நான் அவனுக்கு 84 போட்டிருந்தேன். அது எதற்கும் உதவவில்லை.

சொல்லும்போது அவன் அழவில்லை. "பரவால்ல மேம். எனக்கு எவ்ளோ போட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றான். சொன்னேன். "ஏன் மேம் அவ்ளோ?" என்று கேட்டான். நாலு தலைப்பையும் காட்டி விளக்கினேன். அந்தத் தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டான்.

விதி தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஸ்டூடியோ என்பது கூட இருந்து கற்றுக்கொள்கிற இடம். ஆனால் ஐந்தாவது வாரமே அவன் வருகை சரிவது ரெஜிஸ்டரில் என் கண்ணில் பட்டது. திறமைசாலி, எப்படியாவது சமாளிப்பான் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கே கூப்பிட்டுப் பேசியிருந்தால் வேற வழி ஏதாவது கண்டுபிடித்திருக்கலாம். அடுத்த வருஷம் அதே செமஸ்டரைத் திரும்பப் படித்தான் என்று கேள்விப்பட்டேன். நான் அப்போது அங்கே இல்லை.

சேரப்போகிறவர்களுக்கு

முதல் வாரமே கேளுங்க: "இந்தப் பாடத்துக்கு எதை வைத்து மார்க் போடுவீங்க, எழுத்தில் கிடைக்குமா?" மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபப்படமாட்டார்கள்.

ஸ்கெட்ச் புக்கில் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடுங்க. கிழித்துப் போட நினைத்த பக்கத்தையும் வைத்திருங்க. அடுத்தவர் படத்தைப் பார்த்து வரைந்ததாகவோ, ஏ.ஐ. போட்டதாகவோ யாராவது சந்தேகப்பட்டால் உங்களுக்காகப் பேசப்போவது அந்தப் பக்கங்கள்தான். வேறொருவர் வேலையில் இருந்து எடுத்திருந்தால் அதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்க.

செய்முறைத் தேர்வுக்குப் பல இடங்களில் மறுமதிப்பீடு கிடையாது. அதனால் ஜூரிக்கு அப்புறம் சண்டை போடுவதை விட, நடுவிலேயே ஒரு தடவை வேலையைக் காட்டி "எந்தத் தலைப்பில் நான் பின்னாடி இருக்கேன்?" என்று கேட்பது மேல். வருகைக் கணக்கை மாதம் ஒரு முறை பாருங்க. வீட்டுச் சூழல் காரணமாக வரமுடியவில்லை என்றால் முதல் மாதமே வாயைத் திறந்து சொல்லுங்க. நாங்களாகக் கவனிப்போம் என்று நம்பாதீங்க. நான் கவனித்தேன், ஒன்றும் செய்யவில்லை.

வாய்ஸ் நோட் அனுப்பிய தங்கச்சி, அப்பாகிட்ட இப்படிச் சொல்லு: மார்க் போட முறை இருக்கு, ஃபெயிலும் இருக்கு, என்ன முறைன்னு நான் முதல் நாளே கேட்டுடுவேன். சேர்ந்ததும் எனக்கு ஒரு மெசேஜ் போடு.

என் ஐந்து கேன்வாஸும் இன்னும் அம்மா வீட்டுப் பரண் மேல்தான் இருக்கின்றன. இந்த எபிசோடுக்காகப் போன வாரம் இறக்கி, அட்டவணையை வைத்து நானே மார்க் போட்டுப் பார்த்தேன். 58 வந்தது. மூன்றாவது படத்தில் ஜன்னல் பக்கம் மட்டும் நல்லா வந்திருக்கு. அந்த மூலையை வைத்துப் புதுசாக ஒன்று தொடங்கியிருக்கிறேன், இந்தத் தடவை ஸ்கெட்ச் புக்கோடு.

அடுத்த வாரம் சந்திப்போம்.